ஒரே உதையில் கிளம்பிய மோட்டார் சைக்கிள்

எரிந்த ஆமணக்கெண்ணெயின் வாசம் எனக்கு முதலில் நாக்கின் அடியில்தான் தெரியும். சின்ன வயதில் பள்ளிக்கூட விடுமுறை வந்தால் மூக்கைப் பொத்திப் பேதிக்குக் குடிக்கத் தந்த அதே எண்ணெய். முதலில் வழவழப்பு, பிறகு ஒரு கள்ள இனிப்பு, பிறகு கருகல். போன மாதம் நான் ஓட்டுகிற ட்ரிக்கை, அதாவது ட்ராம் வண்டியை, தரிப்பில் நிறுத்திக் கதவுகளைத் திறந்தபோது, சீட்டு எடுக்காத பயணியைப் போல அந்த வாசம் உள்ளே ஏறியது. பக்கத்துத் தடத்தில் ஒரு பழைய ஆங்கிலேய மோட்டார் சைக்கிள், அதன்மேல் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர். விளக்குப் பச்சையானது. அவர் போனார். நீலப் புகை மட்டும் நின்றது. நான் கதவை மூட மறந்து உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து ஒரு பெண், “போகிறோமா, இல்லையா?” என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள். போனோம்.

ட்ரிக் ஓட்டுகிறவனுக்கு ஸ்டியரிங் கிடையாது. கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம், மணி அடிக்கலாம். திருப்ப முடியாது. திருப்பங்களை யாரோ எப்போதோ இரும்பில் எழுதி வைத்துவிட்டார்கள். ஒஸ்லோவின் அழகான தெருக்களில் வருடக்கணக்காக அப்படிப் போய் வந்தவனுக்கு, பாதையே இல்லாத இடத்தில் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட ஒரு யந்திரத்தின் மேல் ஆசை வந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

அந்த யந்திரம் இங்கிலாந்தில் ஐம்பதுகளின் கடைசியில் செய்தது. சேற்றுக்கும் மேட்டுக்கும் காட்டுக்கும் செய்த பந்தய மோட்டார் சைக்கிள். ஸ்க்ராம்ப்ளர் என்பார்கள். ஐந்நூறு சிசி, ஒற்றைச் சிலிண்டர். விளக்கு இல்லை. ஹோர்ன் இல்லை. பின்னால் ஒருத்தரை ஏற்ற இடம் இல்லை. அலுமினிய டாங்கில் பழைய விழுகைகளின் நெளிவுகள். இப்படியானவற்றைத் தேடி இப்போது நாடு விட்டு நாடு வருகிறார்கள். எஞ்சினும் அதைத் தாங்குகிற இரும்புச் சட்டகமும் பிறந்த நாளிலிருந்து பிரியாமல் இருந்தால் கும்பிடாத குறை.

அது என்னோடு வேலை செய்து, ஓய்வுபெற்று, பிறகு இறந்துபோன ஒரு நோர்வேஜியருடையது. இளமையில் அவர் அதில் பந்தயம் ஓடியவர். அவருடைய மனைவி விறகுக் கொட்டிலின் கதவைத் தோளால் தள்ளித் திறந்து எனக்குக் காட்டினார். எனக்கு முன்னால் இரண்டு பேர் வந்து கேட்டிருக்கிறார்கள். ஒருவர் வரவேற்பறையில் கண்ணாடிக்குள் வைக்கப்போவதாகச் சொன்னாராம். அந்த அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

“நீ இதை ஓட்டுவாயா?” என்று கேட்டார்.

“ஓட்டுவேன். பந்தயத்தில் ஓட்டுவேன்.”

“அவர் ஓட்டினபடி? ஒன்றையும் மாற்றாமல்?”

“ஒன்றையும் மாற்றாமல்.”

கை நீட்டினார். கொடுத்தேன். நோர்வேஜியர்கள் கை கொடுத்துச் சொன்னதை எங்கேயும் எழுதிக்கொள்வதில்லை. அதனால்தான் அது பாரமாக இருக்கிறது.

அதை உயிர்ப்பிக்க எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. ஆள் ஏற்கெனவே வீட்டில் இருந்தான் என்றே சொல்லலாம். மட்டக்களப்பான், கார் மெக்கானிக், ஒஸ்லோவின் ஓரத்தில் புருசெத்தில் இருந்தான். நாங்கள் பக்கத்தில், ஹவுகன்ஸ்டுவாவில். ஞாயிறு மத்தியானம் அவனுக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு என்பது கேட்டுச் செய்கிற விஷயமாக இருந்ததில்லை. என் மனைவியின் கூடப்பிறந்தவன் போரில் போனவன். இவனை அவள் அண்ணை என்று கூப்பிட்ட முதல் நாளே இவன் அண்ணன் ஆகிவிட்டான்.

அவை கெட்ட வருடங்கள். இலங்கையிலிருந்து சமாதானம் பேசுகிறோம் என்று வந்தவர்கள் இந்த நகரத்தின் ஹோட்டல்களில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் அது ஓட்டை வாளியாக ஒழுகிக்கொண்டிருந்தது. கிழக்கில் இயக்கத்துக்குள் பிளவு வந்த பிறகு எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் மட்டக்களப்பாரைப் பார்க்கிற பார்வை மாறிப்போயிற்று. தமிழ்க் கூட்டங்கள் நடக்கிற மண்டபத்தில் இவன் வந்து உட்கார்ந்தால் பக்கத்துக் கதிரை காலியாக இருக்கும். ஒருநாள் குறொன்லாண்டில், மரக்கறிக் கடை வாசலில் வைத்து, எனக்குத் தெரிந்த ஒருவர் அவன் முதுகுக்குப் பின்னால் அந்தச் சொல்லைச் சொன்னார். துரோகி. நான் கையிலிருந்த கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்குப் போனேன். “அவனைப் பற்றி ஒரு சொல் சொன்னால்...” என்று கத்தினேன். அவன் திரும்பி வந்து என்னை இழுத்துக்கொண்டு போனான். “விடு மனே. கத்தரிக்காய் நசியப்போகுது.”

இரண்டு குளிர்காலம் அவனுடைய கராஜில் கழிந்தது. வெளியே பனி, உள்ளே ஒரு மின்சார அடுப்பு, பெட்ரோல் மணம், பாதி கழற்றிய யந்திரம். அவன் திட்டிக்கொண்டே வேலை செய்வான்.

“மச்சான், இந்த வெள்ளைக்காரன் இதைச் செஞ்சது ஆக்களக் கொல்லத்தான்.”

“நீ பூட்டு.”

“பூட்டுறன். ஒன்ட செத்தவீட்டுக்கும் நான்தானே பந்தல் போடணும்.”

“இஞ்சை பந்தல் போட நகரசபை விடாது. கவலைப்படாதை.”

எஞ்சினுக்கு ஆமணக்கில் செய்த பந்தய எண்ணெய் வேண்டும். நான் ஒரு தகரம் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

“இஞ்சேருங்கோ, உங்கடை எஞ்சினுக்கும் பேதியே? அப்ப இண்டைக்கு ஒருத்தரும் அதுக்குக் கிட்டப் போகேலாது.”

சிரித்தோம். அப்போது அவள் சிரித்தாள்.

அதைக் கிளப்புவது ஒரு தனி வேலை. கைப்பிடியில் ஒரு சின்ன லீவர் உண்டு. அதை அழுத்தி எஞ்சினின் மூச்சை விட்டு, பிஸ்டன் உச்சியைத் தாண்டுகிற இடத்தைக் காலால் தேடிக் கண்டுபிடித்து, லீவரை விட்டு, பிறகு முழு உடம்போடும் கிக்கரில் இறங்க வேண்டும். இடம் ஒரு விரற்கடை பிசகினாலும் அது திருப்பி உதைக்கும். முதல் குளிர்காலத்தின் முடிவில், முதன்முதலாகக் கிளப்பிய அன்றே எனக்கு உதைத்தது. கணுக்கால் முறிந்தது. சத்தம் எனக்கு முன்னால் அவனுக்குக் கேட்டது என்று பிறகு சொன்னான்.

அவசர மருத்துவ நிலையத்தில் மனைவி பக்கத்தில் இருந்தாள். கத்தவில்லை, அழவில்லை, ஒரு வார்த்தை ஏசவில்லை. தாதி வந்து மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேசாமல் இருந்தால் அவள் ஏதோ முடிவெடுத்துவிட்டாள் என்று அர்த்தம். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கால் தேறியதும் நான் மறுபடி போனேன். உதை வாங்கியும் போனேன். ஏனென்றால் அது என்னை எதிர்த்தது. ட்ரிக் என்னை எதிர்ப்பதில்லை. இந்த நாடு என்னை எதிர்ப்பதில்லை. படிவம் தந்து, நன்றி சொல்லி, கதவைத் திறந்துவிடும். இது ஒன்றுதான், ‘நீ யாரடா?’ என்று காலுக்கடியில் கேட்டது. மெல்ல மெல்ல இடம் பிடிபட்டது. அந்தக் கோடையில் அது என் காலுக்கு மூன்றாம் நான்காம் உதையில் பதில் சொல்லத் தொடங்கிற்று. கராஜின் தகரக் கதவு அதிரும். மேல்மாடியில் குழந்தை அழும். நாங்கள் இருவரும் மாறி மாறிக் கட்டிப்பிடித்துக்கொள்வோம்.

இரண்டாம் குளிர்காலத்தில் அவன் சொன்னான், “எஞ்சின நான் ஒருக்காத் திறந்து பாக்கிறன். ரிங் தேஞ்சிரிக்கும்.”

“நானும் வாறன்.”

“வேணாம் மச்சான். அந்தக் காலோட குளிருக்குள்ள நிக்காத. நான் ஆறுதலாச் செய்றன்.”

என் காலை நினைத்துச் சொல்கிறான் என்று மனம் குளிர்ந்தேன்.

மே மாதம். ஒஸ்லோவுக்கு வடக்கே, காட்டுக்கு நடுவே, சரளைக்கல் அள்ளி அள்ளிக் குழியாய்ப்போன ஒரு நிலம். பழைய மோட்டார் சைக்கிள்களுக்கென்று வருடத்தில் ஒருமுறை அங்கே பந்தயம் வைப்பார்கள். பாதி ஆட்கள் அறுபது தாண்டியவர்கள். தோல் காற்சட்டைக்குள் தொப்பையைத் திணித்துக்கொண்டு, பழைய காயங்களைப் பற்றி ஆளுக்காள் பெருமை பேசிக்கொண்டு நின்றார்கள். ‘பிர்ச்’ மரங்களில் இலை அப்போதுதான் வந்திருந்தது. அந்த அம்மாவும் வந்திருந்தார். மடக்குக் கதிரை, தேர்மோஸ், கணவருடைய பழைய கம்பளித் தொப்பி. என்னைக் கண்டு கை அசைத்தார்.

அவனுடைய வான் வண்டியிலிருந்து யந்திரத்தை இறக்கினோம். நான் ஏறி, லீவரை அழுத்தி, காலால் இடம் தேடினேன். வழக்கமாக அந்த இடத்தில் ஒரு சுவர் இருக்கும். அன்று ஒரு திரைச்சீலைதான் இருந்தது. குளிரில் இறுகியிருந்த எண்ணெய் இளகிவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு உதைத்தேன்.

ஒரே உதை. கிளம்பிவிட்டது.

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். ஒரு கிழவர் என் முதுகில் அறைந்து, “முதல் உதையில்! இவைகளை யாரும் முதல் உதையில் கிளப்பி நான் கண்டதில்லை,” என்றார். நான் சிரித்தேன். என் வலது கால் மட்டும் சிரிக்கவில்லை. கதவு திறந்திருக்கிறது என்று தெரியாமல் ஓங்கித் தள்ளியவன் உள்ளே போய் விழுவானே, அப்படி ஒரு கூச்சம் முழங்காலில் நின்றது. அவனைப் பார்த்தேன். அவன் குனிந்து, ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு நட்டை இறுக்கிக்கொண்டிருந்தான்.

கொடி விழுந்தது. சமதரையில் சரிதான், எல்லோரோடும் போனேன். பிறகு முதல் மேடு. கைப்பிடியை முழுக்க முறுக்கினேன். சத்தம் வந்தது, புகை வந்தது, வாசம் வந்தது, தூக்கல் வரவில்லை. பக்கத்தில் ஒருவர் ஏறிப்போனார். இன்னொருவர். முதுகில் அறைந்த அந்தக் கிழவர் என்னைத் தாண்டும்போது நான் வேண்டுமென்றே வழி விட்டதாக நினைத்து, ஒரு கையை உயர்த்தி நன்றி சொன்னார். சேறு என் வாய்க்குள் வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த மேடு கொஞ்சம் உயர்ந்தது. ஓட்டக்காரன் நான் மோசம்தான், அது வேறு. ஆனால் காலுக்கடியில் இருந்தது வேறு ஒரு பிராணி. நான் ஏறியிருந்தது, பல்லுப் பிடுங்கிய ஒன்று.

கடைசியாக வந்தேன். அதற்கும் கை தட்டினார்கள். இந்த நாட்டில் கடைசியாக வருகிறவனுக்கு இன்னும் பலமாகத் தட்டுவார்கள்.

அந்த அம்மா கதிரையை விட்டு எழுந்து வந்தார். டாங்கின் நெளிவில் கை வைத்தார்.

“நன்றாக ஓட்டினாய்,” என்றார். பிறகு, “அவருடைய காலத்தில் இது கிளம்பினால் காகங்கள் மரத்தை விட்டுப் பறக்கும். இப்போது நல்ல பிள்ளையாகிவிட்டது,” என்றார்.

குற்றமாகச் சொல்லவில்லை. அதைவிட மோசம், மரியாதையாகச் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த தேர்மோஸ் கோப்பையில் மிஞ்சியதைத் தரையில் ஊற்றினார். நான் குனிந்து எஞ்சினைப் பார்த்தேன். சிலிண்டர் அடிப்பெட்டியில் வந்து உட்காருகிற இடத்தில் முன்பு கடதாசித் தடிப்பில் ஒரு பேக்கிங் இருந்தது. இப்போது அங்கே ஒரு தகடு. புது அலுமினியம், பளபளவென்று, ஓரம் அழகாக அராவியது. சிலிண்டரை அந்த அளவு உயர்த்திவிட்டால் உள்ளே இடம் கூடும், வெடிப்பு மெலியும். உதைக்காது. இழுக்கவும் இழுக்காது.

“எஞ்சினைக் கொஞ்சம் மாற்றினோம்,” என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். மாற்றினோம். என் வாயால் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது? எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொன்னால், என் வீட்டு விஷயங்கள் என்னைக் கேளாமல்தான் நடக்கின்றன என்பதையும் அல்லவா நோர்வேஜிய மொழியில் விளங்கப்படுத்த வேண்டும்? அவர் தலையாட்டினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு தன் காரை நோக்கிப் போனார். கை தரவில்லை.

வானுக்குப் பின்னால் அவன் தொலைபேசியில் மெல்லிய குரலில் கதைத்துக்கொண்டிருந்தான். “ஓம் தங்கச்சி. ஓம். ஒண்டும் இல்ல, விழல்ல. நான் சொன்னன்தானே, அது இனி ஓடாதெண்டு.”

என் தொலைபேசி என் சட்டைப்பையில் இருந்தது. அது அன்று முழுக்க அடிக்கவில்லை.

“ஆர் செய்யச் சொன்னது?” என்று கேட்டேன். கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவன் தொலைபேசியை மூடினான். “தங்கச்சி அழுதா மனே. காலப் புடிச்சிக் கேக்காத குறை. எனக்கிட்டக் கேக்கக்கொள்ள நான் என்ன செய்ற?”

“என்னட்டச் சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா நீ விடுவியா?”

“விடமாட்டன். அது என்ரை கால்.”

“ஒன்ட கால்தான். முறிஞ்சா அதப் பாக்கிறது ஆரு? ஒனக்கு நல்லதுக்குத்தான் மச்சான் செஞ்ச.”

நல்லதுக்குத்தான். இந்தச் சொல்லை நான் இவர்கள் இருவரிடமும் முன்பும் வாங்கியிருக்கிறேன். என் அம்மா யாழ்ப்பாணத்தில் இறந்த அன்று காலையில் செய்தி வீட்டுக்கு வந்தது. நான் வேலையில் இருந்தேன். மனைவி இவனுக்கு எடுத்துச் சொன்னாள். இவன் வந்து என் ட்ரிக்கில் ஏறினான். “சும்மா வந்தனான்,” என்று சொல்லிவிட்டுப் பின் ஆசனத்தில் உட்கார்ந்து, நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, திரும்பவும் இந்த முனைக்கு, என் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தான். நான் மணி அடித்தேன், கதவு திறந்தேன், நல்ல வெயில் என்று யாருக்கோ சொன்னேன். மாலையில் வீட்டுக் கதவைத் திறந்தால் வாசல் நிறையச் சப்பாத்துகள், உள்ளே நிறைய ஆட்கள், ஒருவரும் பேசவில்லை. “முதல்லை சாப்பிடுங்கோ,” என்றாள். செத்தவீட்டில் அடுப்பு எரியாது, செய்தி கேட்டபின் நான் வாயில் ஒன்றும் வைக்கமாட்டேன் என்று, சோற்றைப் போட்டு, நான் தின்று முடிக்கும்வரை சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோற்றுக் கோப்பை காலியான பிறகுதான் சொன்னார்கள். எங்கள் சனத்தின் வழக்கம் அது, அன்பின் வழக்கம். நானே மற்றவர்களுக்கு அப்படிச் செய்ய ஒத்துழைத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு, அம்மா இல்லாத உலகத்தில் இருந்துகொண்டு பருப்புக்கு உப்புக் காணாது என்று சொன்னவன் நான். அந்தக் கிழமையே இருவரையும் முன்னால் இருத்தி, இனி என் விஷயம் எதையும் எனக்கு ஒளிப்பதில்லை என்று சத்தியம் வாங்கினேன். இருவரும் அழுதுகொண்டே தந்தார்கள்.

சரளைக் குழியில் நின்று அதை அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். அவன் தலை குனிந்தான். “அது சாவு மச்சான். இது ஒரு பைக்கு.”

அப்போது அந்தச் சொல் என் தொண்டைக்கு வந்தது. மரக்கறிக் கடை வாசலில் கேட்ட அதே சொல். எவ்வளவு இலகுவாக வந்தது என்று இன்றைக்கும் கூசுகிறது. யாரோ என் வாயில் வைத்துவிட்டுப் போனது போல, எடுத்து வீச வேண்டியதுதான் பாக்கி. வீசவில்லை. விழுங்கினேன். அது இறங்கிய பாதை நெடுநாள் எரிந்தது.

அவன் அடுத்த வருடம் நோர்வேயின் மேற்குக் கரைப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டான். கல்யாண மண்டபங்களில் தூரத்தில் காண்பதோடு சரி. மனைவியோடு வாழ்கிறேன். அவளை மன்னித்தேனா என்று கேட்டால், அவள் அதை என்னிடம் கேட்டதில்லை. நான் பத்திரமாக இருப்பதே பதில் என்பது போல நடமாடுகிறாள். அவள் பயம் பொய்யல்ல என்பதும் எனக்குத் தெரியும். யந்திரம் எங்கள் கட்டடத்தின் நிலவறையில் நிற்கிறது. தகடு இன்னும் உள்ளேதான். அந்தச் சிலிண்டரை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் தூக்க, மற்றவர் அடியில் கை கொடுத்துப் பிஸ்டனைத் தாங்க. அந்த இரண்டாவது கைக்கு நான் யாரையும் தேடவில்லை.

கடைசியாக அவனும் நானும் பேசியது அன்று அந்தச் சரளைக் குழியின் வாசலில்தான். எங்கள் வீட்டுக்குக் கிட்ட, ஸ்தூவ்னர் பக்கம் போகிற ஒருவர் தன்னுடைய இழுவை வண்டியில் என்னையும் யந்திரத்தையும் ஏற்றிப் போகச் சம்மதித்திருந்தார். பட்டியை நான் இறுக்கிக்கொண்டிருந்தேன். அவன் வானைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான்.

“ஏறு மச்சான். வீட்ட போய்க் கதைப்பம்.”

“நீ போ.”

“சேறோட நீ எங்க போகப்போறா? ஏறு.”

“போ எண்டு சொன்னனான்.”

அவனுடைய தொலைபேசி மறுபடி அடித்தது. எடுத்துப் பார்த்தான். எனக்கு நீட்டுவது போலக் கையைக் கொஞ்சம் வெளியே கொண்டுவந்து, பிறகு நிறுத்தினான்.

“தங்கச்சிதான். நீ ஏன் என்னோட வரல்ல எண்டு கேப்பா. நான் என்ன சொல்ற?”

“என்னத்தையாவது சொல்லு. ஒளிக்கிறதுக்கு உனக்கு நான் சொல்லித் தரவேணுமே?”